மழைக்குப் பயந்து ஓடிய குடும்பம்!

மழை பெய்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வீட்டை விற்று, மூட்டை முடிச்சோடு நாட்டை விட்டே கிளம்பிய ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

எங்கள் கீழப்பாவூரில் போய் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஜூன் பிறந்தால் போதும்... தெருவில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி 'சாப்டாச்சா?' இல்லை. 'குத்தாலத்துல சாரல் விழுதாமா?' என்பதுதான். தென்காசியை நனைக்கிற சாரல், பாவூர்சத்திரம் தாண்டி எங்கள் ஊருக்குள் எட்டிப் பார்ப்பதற்குள் பாதி ஆவியாகிவிடும். காற்று மட்டும் ஜிலுஜிலுவென்று வரும். மேற்கே மலையில் கறுத்துக் கிடக்கிற மேகத்தைப் பார்த்தே குளிர்ந்துகொள்கிற ஜனங்கள் நாங்கள். மலையில் பெய்த தண்ணீர் சிற்றாற்றில் இறங்கி, எங்கள் பெரிய குளத்தில் வந்து நின்றால்தான் அது நல்ல வருஷம். அப்படிப்பட்ட ஊர்க்காரனிடம் மழைக்குப் பயந்த வெள்ளைக்காரக் குடும்பத்தின் கதை வந்து சேர்ந்தது என்றால், அது குற்றாலம் வழியாகத்தானே வந்திருக்க முடியும்? அப்படித்தான் வந்தது.

எங்கள் சித்தப்பா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். மேனேஜர் என்றால் ரூம் சாவி கொடுப்பவரும் அவர்தான், வாளிக்கு வெந்நீர் சொல்பவரும் அவர்தான். சீசனுக்கு வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற சாமான்களை எல்லாம் ஒரு மாசம் பத்திரமாக வைத்திருந்து, யாரும் கேட்டு வரவில்லை என்றால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். எங்கள் வீட்டில் யார் யாருடைய குடைகளோ இருந்தன. யாருக்கும் பொருந்தாத மூக்குக் கண்ணாடிகள் இருந்தன. ஒற்றைச் செருப்புகள் மட்டும் பதினொன்று. அதுவும் அத்தனையும் இடது கால்! 'ஏன் சித்தப்பா இதைச் சேர்க்கீங்க?' என்றால், 'வலது கால் என்னைக்காவது வராமயா போயிரும்?' என்பார். நம்பிக்கை சார், நம்பிக்கை.

1993 சீசன் முடிந்து அவர் கொண்டுவந்த சாக்குப்பையில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. எண்ணெய்க் கறை. முனை மடங்கிய அட்டை. மேலே பென்குயின் பறவை. 'மை ஃபேமிலி அண்ட் அதர் அனிமல்ஸ்' என்று தலைப்பு. எழுதியவர் ஜெரால்ட் டரல். நான் அப்போது பிளஸ் ஒன். இங்கிலீஷ் என்றால் எனக்கு லிப்கோ அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுகிற அளவுக்குத்தான். ஆனால், தலைப்பே என்னைப் பிடித்து இழுத்துவிட்டது. 'என் குடும்பமும் மற்ற மிருகங்களும்' என்றால்... அப்போ குடும்பமும் மிருகங்களில் சேர்த்தியா? ஆஹா, இது நம்ம ஆள்!

முதல் அத்தியாயத்தில் இங்கிலாந்தில் மழை. கோடைக்கால மழை, கூடவே குளிர்காற்று. வீட்டில் எல்லோருக்கும் ஜலதோஷம், காதுவலி, மூட்டுவலி. மூத்த அண்ணன் லாரி, 23 வயசு, எழுத்தாளர் (அதாவது வேலைக்குப் போகாதவர்). 'இந்த ஊரில் மனுஷன் இருப்பானா, கிரீஸுக்குப் போவோம்' என்கிறார். அம்மா முதலில் 'அதெல்லாம் முடியவே முடியாது' என்கிறார். அடுத்த சில பக்கங்களில் வீடு விற்றாகிவிட்டது! குடும்பம் கார்ஃபூ என்ற கிரேக்கத் தீவில் போய் இறங்கிவிடுகிறது. வருஷம் 1935. கதை சொல்லும் ஜெர்ரிக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடம் என்று ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கள்தான், அவர்களும் ஒருவர் மாற்றி ஒருவர். மீதி நேரமெல்லாம் தோப்பு, கடல், பூச்சி, பல்லி, ஆமை, ஆந்தை.

இன்னோர் அண்ணன் லெஸ்லிக்கு எந்நேரமும் துப்பாக்கி. அக்கா மார்கோவுக்கு எந்நேரமும் முகப்பரு. அம்மா ஒரு கையில் சமையல் புத்தகமும் இன்னொரு கையில் தோட்டக்கலைப் புத்தகமுமாக, யாரையும் திட்டத் தெரியாமல் நடுவில் நிற்கிறார். லாரி தன் சிநேகிதர்களை எல்லாம் கடிதம் போட்டு வரவழைத்துவிட்டு, 'இடம் போதாது, பெரிய வீட்டுக்கு மாறுவோம்' என்கிறார். மாறுகிறார்கள். கொஞ்ச நாளில் ஒரு கிழட்டு அத்தை வந்து தங்கப் போவதாகக் கடிதம் வருகிறது. உடனே, அவர் தங்க இடமே இருக்கக் கூடாது என்பதற்காகச் சின்ன வீட்டுக்கு மாறுகிறார்கள்! எங்கள் வீட்டிலும் சித்திரை மாசம் இந்த யோசனை ஓடும். நாங்கள் வாடகை வீட்டுக்காரர்கள் இல்லை என்பதால் நிறைவேற்ற முடிந்ததில்லை.

தீப்பெட்டிக் கட்டம் ஒன்று வரும். ஜெர்ரி ஒரு தேளைப் பிடித்து, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டிகளோடு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருப்பான். சாப்பாட்டு மேஜையில் லாரி சிகரெட் பற்றவைக்க அதைத் திறப்பார். அப்புறம் நடக்கிற அமளியில் நாய் வேலைக்கார அம்மாளைக் கடித்துவைக்கும். இதைப் படித்தபோது ராத்திரி பத்து மணி. நான் சிரித்த சிரிப்பில் அத்தை எழுந்து வந்து என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனாள். நம் பக்கத்தில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்க்காத பையன் உண்டா? வேலமர இலையை உள்ளே போட்டு, முட்டை போட்டதா, போட்டதா என்று மணிக்கு நாலு தரம் திறந்து பார்த்தவர்கள்தானே நாமெல்லாம்? கார்ஃபூவும் கீழப்பாவூரும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்றே எனக்குத் தோன்றிவிட்டது.

குடும்பமும் அப்படித்தான். எங்கள் பெரியப்பா மனு எழுதுவார். தெருவிளக்கில் ஆரம்பித்து ஐக்கிய நாடுகள் சபை வரை எழுதுவார். பதில் வந்ததா என்பது பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. பதிவுத் தபாலில் அனுப்பினால் கையெழுத்தாகித் திரும்பி வருமே ஒப்புகை அட்டை, அதுதான் அவருக்கு வேண்டும். அதைக் கம்பியில் குத்திக் குத்தி, தாழ்வாரத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டிருப்பார். அத்தை வானொலியோடு சண்டை போடுவாள். செய்தி வாசிக்கிறவர் 'வணக்கம்' என்றால், 'ஆமா, உன் வணக்கத்துக்குத்தான் குறைச்சல்' என்பாள். மனுக்களுக்கு எங்கள் வீட்டில் ஓர் எதிரி இருந்தது. ஆடு. ஒருமுறை தெருக்குழாய் சம்பந்தமான நாலு பக்க மனுவை நகலோடு தின்றுவிட்டது. பெரியப்பா அதைத் திட்டவில்லை. 'இத்தனை வருஷத்துல என் மனுவை முழுசா படிச்சது இந்தச் சீவன் ஒண்ணுதான்' என்றார்.

* * *

பிற்பாடு நான் சென்னைக்கு வந்து, ஆபீஸில் ஃபைல் தள்ளிக்கொண்டே டரல் குடும்பத்தைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். முதல் அதிர்ச்சி, இந்த வெள்ளைக்காரக் குடும்பம் அசல் இந்தியக் குடும்பம்!

ஜெரால்ட் பிறந்தது 1925 ஜனவரி 7-ம் தேதி, ஜாம்ஷெட்பூரில். அப்பா அங்கே இன்ஜினீயர். டாடா இரும்பு ஆலை வளர்ந்த காலத்தில் கட்டட வேலைகளை எடுத்துச் செய்தவர். லாரி, அதாவது பிற்காலத்தில் 'அலெக்ஸாண்ட்ரியா குவார்ட்டெட்' எழுதி உலகப் புகழ் பெற்ற லாரன்ஸ் டரல், பிறந்தது 1912-ல் ஜலந்தரில். நாலு பிள்ளைகளும் இந்தியாவில் பிறந்தவர்கள். அட, அம்மா லூயிஸாவே ரூர்க்கியில் பிறந்தவர். இங்கிலாந்து என்பது அவருக்குச் 'சொந்த ஊர்' என்று பேருக்குத்தான். ஆயுளில் பாதியை இந்தியாவில் கழித்தவர், அந்த மழைக்கும் குளிருக்கும் எப்படி ஒட்டுவார்? இன்னொன்று கேளுங்கள்... ஜெர்ரிக்குப் பூச்சியும் நட்சத்திரமும் கற்றுக்கொடுக்கிற டாக்டர் தியோடர் ஸ்டெஃபானிடிஸ், புத்தகத்திலேயே மிக அருமையான மனிதர், அவர் பிறந்தது பம்பாயில்!

இரண்டாவது விஷயம் அதிர்ச்சி இல்லை, வலி. 1928-ல் அப்பா டல்ஹௌசியில் இறந்துபோகிறார். ஜெர்ரிக்கு மூன்று வயசு. அதற்கப்புறம்தான் லூயிஸா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, தான் அதுவரை வாழ்ந்திராத இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுகிறார். அங்கே தனிமை, மனசு உடைந்துபோதல், கொஞ்சம் ஜின். மழை என்பது அப்புறம் சொல்லிக்கொண்ட காரணம். நிஜத்தில் அந்தக் குடும்பம் ஒரு சாவிலிருந்துதான் ஓடியது.

இதில் ஒரு வரிகூடப் புத்தகத்தில் அழுத்திச் சொல்லப்படவில்லை. அம்மா விதவை என்பது தெரியும். அப்பா எப்படிச் சிரிப்பார், எப்படிக் கோபப்படுவார்... ஒன்றும் கிடையாது. ஆமைக்குப் பெயர் உண்டு, புறாவுக்குப் பெயர் உண்டு, ஆந்தைக்குப் பெயர் உண்டு. அப்பாவைக் காணோம்.

இன்னொருவரையும் காணோம். லாரியின் மனைவி நான்ஸி! 1935-ல் கார்ஃபூவுக்குப் போகும்போதே லாரிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெரும்பாலும் அவர்கள் தனி வீட்டில்தான் இருந்தார்கள். தம்பி எழுதிய புத்தகத்திலோ லாரி பிரம்மச்சாரி, அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து எல்லோரையும் வைகிறார். ஆனால், 1945-லேயே லாரி அதே தீவைப் பற்றி 'பிராஸ்பரோஸ் செல்' என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதில் கடல் இருக்கிறது, நிலா இருக்கிறது, மனைவி இருக்கிறார். அம்மாவும் தம்பி தங்கையும் அடித்த கூத்துகளைத்தான் காணோம்! ஒரே தீவு, ஒரே வருஷங்கள். அண்ணன் புத்தகத்தில் குடும்பம் கரைந்துபோகிறது, தம்பி புத்தகத்தில் அண்ணி அம்பேல். இதில் ஜெரால்ட் முன்னுரையில், சம்பவங்கள் எல்லாம் நிஜம் என்று வேறு சத்தியம் பண்ணுகிறார். தீவின் ஜீவராசிகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தாராம், குடும்பத்தினர் முதல் சில பக்கங்களிலேயே உள்ளே புகுந்து ஆக்கிரமித்துவிட்டார்களாம். பட்டா இல்லாத நிலத்தில் குடிசை போட்ட மாதிரி!

புத்தகம் வெளிவந்தது 1956-ல். எழுத்தின் மேல் ஆசைப்பட்டு எழுதியவர் இல்லை டரல். மிருகங்களுக்குச் சாப்பாடு போடக் காசு வேண்டும், அதற்காக எழுதினார். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. 1959-ல் ஜெர்ஸி தீவில் சொந்தமாக மிருகக்காட்சிசாலையே தொடங்கிவிட்டார். கூண்டில் அடைத்துக் காட்டுவதற்கு அல்ல, அழிந்துபோகிற இனங்களைப் பெருக்கித் திரும்பவும் காட்டுக்கு அனுப்புவதற்கு. அந்தக் காலத்தில் அது பைத்தியக்காரத்தனம் என்றார்கள். மொரீஷியஸின் இளஞ்சிவப்புப் புறா இன்று பிழைத்திருப்பதில் அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் அஸ்ஸாமில் பூனையைவிடக் கொஞ்சம் பெரிதான குள்ளப் பன்றி இனத்தைக் காப்பாற்றும் வேலையிலும் அவருடைய அறக்கட்டளை 1990-களிலிருந்து கைகோத்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள்... அம்மாவின் சமையலையும் அக்காவின் பருக்களையும் எழுதி, அந்தக் காசில் ஒருவர் புறா வளர்த்திருக்கிறார். மனுஷன் 1995 ஜனவரியில் காலமானார். அந்தச் சமயம் நான் அவர் புத்தகத்தை நாலாவது தடவை படித்துக்கொண்டிருந்தேன். சேதி எனக்குத் தெரியாது.

நம்மிடம் சிரிப்புக் குடும்பங்களுக்கு என்ன பஞ்சம்? பாக்கியம் ராமசாமியின் அப்புசாமியும் சீதாப்பாட்டியும் இல்லாத வீடு உண்டா? டரல் குடும்பம் கார்ஃபூவில் இறங்கிய அதே 1935-ல்தான் ஆர்.கே. நாராயணின் சுவாமி, கிரஹாம் கிரீன் தயவில் லண்டனில் புத்தகமாக இறங்கினான். சுஜாதா ஸ்ரீரங்கத்தில் எது நிஜம், எது கதை என்று தெரியாதபடி ஒரு தெருவையே எழுதிவைத்தார். ஆனால், சொந்த அம்மா, சொந்த அண்ணன், சொந்த அக்கா, பெயரோடு, முகப்பருவோடு? நம் ஊரில் அதற்கு நெஞ்சுரம் மட்டும் போதாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் இருக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

எனக்கு இது அனுபவம்.

* * *

1996. கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். டரல் தந்த தைரியத்தில், 'எங்கள் வீட்டு மனுநீதிச் சோழன்' என்று பெரியப்பாவைப் பற்றி எழுதிவிட்டேன். ஒப்புகை அட்டை மாலை, ஆடு தின்ற மனு, பஸ் ஊருக்குள் வரவேண்டும் என்று மனுப் போட்டுவிட்டு, வந்துவிட்டதா என்று பார்க்கத் தினமும் சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் முக்குக்குப் போய் நின்றது... எல்லாம். மலர் வந்தது. நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கையோடு ஊருக்கு எடுத்துப் போனேன்.

சித்தப்பாதான் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். அத்தை சிரித்தாள். சித்தி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பாவும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தார். அப்புறம் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் பார்த்தால் தாழ்வாரத்தில் அட்டை மாலையைக் காணோம்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ரெண்டு நாள் பெரியப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிடும்போது 'அவனுக்கு மோர் ஊத்து' என்று மூன்றாம் மனிதனைச் சொல்வதுபோலச் சொன்னார். மூன்றாம் நாள் ராத்திரி நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார். கையில் மலர். என் கட்டுரை முழுக்கச் சிவப்பு மசி!

'ஏல, முப்பது மனுன்னு போட்டுருக்க. நாப்பத்திரெண்டு. தேதி வாரியா குறிச்சிருக்கேன், பாத்துக்கோ. ஐ.நா. சபைக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு. ஆடு தின்னது குழாய் மனு இல்ல, கலுங்கு மனு. எழுதுதவன் வெவரத்த ஒழுங்கா எழுதணும்.' அவ்வளவுதான். பஸ் செலவுக்குப் பத்து ரூபாய் கொடுத்தார்.

மன்னித்துவிட்டார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால், அந்த மாலை திரும்பத் தாழ்வாரத்துக்கு வரவே இல்லை. 2004-ல் அவர் காலமானபோது பெட்டியைத் திறந்தோம். அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக இருந்தன. 1996-க்குப் பிந்தைய தேதியில் ஒன்றுகூட இல்லை. நாலு பேர் சிரித்த விஷயத்தை அஞ்சாவது ஆளாக அவர் செய்ய விரும்பவில்லை போலிருக்கிறது. சிறிது காலம் கழித்து பஸ் ஊருக்குள் வரத்தான் செய்தது. யார் மனுவாலோ!

அந்த 1996 ராத்திரியில் இன்னொன்றும் நடந்தது. அதை இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பினேன் என்றேனே, வாசலில் அம்மா மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். இலையைச் சுருட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

'எல்லாரையும் எழுதிருக்க. ஆட்டக்கூட எழுதிருக்க. உங்க அப்பாவ ஏம்ல எழுதல?'

என் அப்பா 1983-ல் போனார். எனக்கு ஆறு வயசு. வீட்டில் அவர் போட்டோ ஒன்று, சுவரில், மாலையோடு. அவரைப் பற்றி யாரும் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. செத்துப்போனவர்களைப் பற்றி நம் வீடுகளில் 'நல்ல மனுஷன்' என்பதற்கு மேல் என்ன சொல்கிறார்கள்? நல்ல மனுஷனை வைத்து நான் எப்படி நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது? 'தெரியலம்மா' என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுத் தட்டில் வைத்தாள்.

டரல் புத்தகத்தில் அப்பா இல்லாதது ஏன் என்று அறிஞர்கள் ஏதாவது சொல்லக்கூடும். எனக்கு அந்தக் கேள்விக்கு எந்த அறிஞரும் தேவைப்படவில்லை.

போன வருஷம் ஜூலையில் ஊருக்குப் போயிருந்தேன். சீசன் அமோகம். அம்மாவுக்கு எழுபத்தெட்டு. பீடி சுற்றுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ சுருட்டிக்கொண்டே இருக்கும். வாசலில் உட்கார்ந்து மேற்கே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்தொன்பது வருஷம் கழித்து நானாகவே கேட்டேன். 'அம்மா, அப்பா எப்பவாச்சும் கோட்டித்தனமா எதும் பண்ணிருக்காகளா?'

அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள்.

கல்யாணமான முதல் சீசன். ரெண்டு பேரும் ஐந்தருவிக்குப் போயிருக்கிறார்கள். 'வெள்ளமா விழுது, ஓரமா நில்லுங்க'ன்னு இவள் சொல்ல, 'எனக்குத் தெரியாத அருவியா'ன்னு அவர் நேரே நடுவில் போய் நின்றிருக்கிறார். அருவி வேட்டியை உருவிக்கொண்டு போய்விட்டது! மாற்று வேட்டி கொண்டுவரவில்லை. துண்டு? அதுவும் வேட்டியோடு போச்சு. கடைசியில், அம்மா மாற்றிக்கொள்ள வைத்திருந்த ஊதாப்பூப் போட்ட சேலையை நாலாக மடித்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, குற்றாலத்திலிருந்து பாவூர்சத்திரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். உட்கார இடம் இருந்ததாம். உட்கார்ந்தால் மடிப்புக் கலைந்துவிடும் என்று நின்றாராம். பாவூர்சத்திரத்தில் இறங்கினால் எதிரே பெரியப்பா! என்னடா கோலம் இது என்று அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டாராம்... 'அண்ணே, இதுக்கு ஒரு மனு எழுதணும்.'

சொல்லி முடிப்பதற்குள் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

'எழுதுததுன்னா எழுது. ஆனா சேலைன்னு போடாத. துண்டுன்னு போட்டுக்கோ, என்ன?'

மன்னிச்சுக்கோம்மா. சேலைதான்.